ஏறலாமா வேணாமா

ஆரணி,
20.2.1985

அன்புத் தோழி கிருஷ்ணம்மாளுக்கு,

ரோஸி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவில்லை. பொங்கலுக்கு முன்னால் கையில் வெந்நீர் பட்டது என்றாய். இப்போது மாடிப்படியில் விழுந்து முட்டி வீங்கியிருக்கிறது என்கிறாய். பெங்களூரில் நீ குடியிருப்பது மாடியே இல்லாத ஓட்டு வீடு என்று நீதான் முன்பு எழுதினாய்.

அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பாட்டு. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

நம் பாட்டைப் புதிதாகப் பாடி வந்திருக்கிற கேசட்டைக் கேட்டாயாம். மியூசிக் ஜோராக இருக்கிறதாம். பழைய இசைத்தட்டில் நடுவே பாட்டு நின்றுபோகிற ஓட்டையை அடைத்துவிட்டார்களாம். யார் பாடினால் என்ன, பாட்டு பிழைத்ததே போதும், விட்டுவிடு ரோஸி என்கிறாய். அடியே, ஓட்டையா அது? அது உன் இடம்!

ஒரே தறியில் நாம் இரண்டு பேரும் கோர்வைப் புடவை நெய்தோமே, மறந்துபோச்சா? உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். வலப்பக்கம் நான், இடப்பக்கம் நீ. உன் பக்கத்திலிருந்து குரல் வராமல் என் கை ஊடைநூல் நாடாவைத் தள்ளாது. அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதானே பாட்டு? 'கடைசி பஸ்ஸு, களம்பூரு பஸ்ஸு, ஏறலாமா வேணாமா' என்று நான் கேட்பேன். 'ஏறு' என்று நீ கத்துவாய். அப்புறம்தான் எனக்கு அடுத்த அடி வரும்.

எழுபத்து மூன்றில் இசைத்தட்டுக்குப் பாட நம்மை மெட்ராசுக்குக் கூப்பிட்டார்கள். கிளம்புகிற காலையில் உன் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து, பொம்பளைங்க குரல ஊரூரா வித்துகினு திரியறதா என்று சத்தம் போட்டு, உன் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார். பின்னாலேயே நீயும் போனாய். நான் மட்டும் பஸ் ஏறினேன். மைக் முன்னால் நின்று 'ஏறலாமா வேணாமா' என்று பாடிவிட்டு, தறியில் இருக்கிற நினைப்பில் உன் குரலுக்காகச் சும்மா நின்றுவிட்டேன். தபேலாக்காரர் கையைத் தூக்கியபடி என்னையே பார்க்கிறார். முடிந்ததும் எல்லோரிடமும் நன்றாகத் திட்டு வாங்கினேன். அடுத்த கோஷ்டி கதவைத் தட்டியதால் மறுபடி பாட விடவில்லை. அப்படியே தட்டு வந்துவிட்டது.

அந்தத் தப்பு இல்லாவிட்டால் பாட்டை யார் சீண்டியிருப்பார்கள்? நம் தெருப் பெண்கள்தான் முதலில் அந்த இடத்தில் 'ஏறு' என்று கத்த ஆரம்பித்தார்கள். அப்புறம் கல்யாணப் பந்தல், டீக்கடை, ரைஸ் மில் வாசல் என்று தட்டு ஓடின இடத்தில் எல்லாம் ஜனங்கள் கத்தினார்கள். லாரிக்காரர்கள்கூடக் கத்தினார்கள்.

இந்தக் கேசட்டில் அங்கே ஒரு ஆண் குரல் நுழைந்து, 'வேணாம் கண்ணே வேணாம்' என்று குழைகிறது. அவளும் சரி என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். பஸ் போய்விடுகிறது. இதற்கு வயலின் வேறு! உனக்கு இது எப்படியடி பிடித்தது?

போன வாரம் சேத்துப்பட்டு மாதா கோயில் திருவிழாவில் பாடினேன். கச்சேரி நடத்துகிற சாலமோன், கேசட்டுல கீற மாதிரியே பாடுக்கா, 'வேணாம் கண்ணே' நான் பாடிக்கிறேன் என்றான். முடியாது என்றேன். ஜனங்க இப்ப கேசட்டத்தான் கேட்டுகினு கீறாங்க, நீ தப்பா காப்பி அடிக்கிறேன்னு சொல்லுவாங்க என்றான். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று மேடை ஏறினேன்.

'ஏறலாமா வேணாமா' என்று கேட்டு நிறுத்தினேன். முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாம் 'வேணாம் கண்ணே' என்று கத்தினார்கள். பாவம், அதுகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் நான் அடுத்த அடிக்குப் போகவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி 'வேணாம்'. வாயை மூடிக்கொண்டு நின்றேன். சாலமோன் பின்னாலிருந்து பாடுக்கா, மானம் போவுது என்கிறான். நான் அசையவில்லை. கடைசியில், கூட்டத்தின் ஓரத்தில் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, யாரோ எவளோ, 'ஏறு' என்று கத்தினாள். அதற்குப் பிறகு நான் பாடினதை நீ கேட்டிருக்க வேண்டும்.

இனி உன் விஷயம். உன் பக்கத்து வீட்டு சூசைமேரி அக்கா திருவிழாவுக்கு வந்திருந்தாள். நாளை பெங்களூர் திரும்புகிறாள், இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் உன் வீட்டுக்காரர் பிரிப்பார். உன் முட்டியைப் பற்றி அவளிடம் கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்கு மேல் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பவுல்துரையிடம் பேசிவிட்டேன். வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குத் தானே வந்து நிற்பதாகச் சொல்கிறார். எந்த நாள் என்று மட்டும் அக்காவிடம் சொல், அவள் எனக்கு எழுதிப் போடுவாள். முடியாவிட்டால் சொல்லாமலே வா. மாற்றுப் புடவைகூட எடுக்க வேண்டாம். உன் அண்ணன் வந்து வாசலில் கத்தினால் நான் பதிலுக்குக் கத்துகிறேன். என் தொண்டையைப் பற்றி உனக்குத் தெரியும்.

மாதா உன்னைக் கைவிட மாட்டாள், நானும் விட மாட்டேன். பெங்களூர் போன நாளிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் நீ என்னிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய், வேறு வேறு வார்த்தையில். இந்தத் தடவை நாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறோம். கேட்கிறவள் நீ, பதில் சொல்ல வேண்டியவள் நான்.

ஏறு.

உன் வலப்பக்கத்துக்காரி,
ரோஸி