தும்மியது ஜிம்மி, இடித்தது லாரி

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் உன் கம்பெனி ஷூவை எடுத்து வெயிலில் வைத்தேன். இரும்புத் தூளும் வியர்வையும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. நம் ஜிம்மி ஓடிவந்து மோந்தது. வாலை ஆட்டி ஆட்டி இரண்டு தும்மல் போட்டது. நீ ஷூ மாட்டும்போதெல்லாம் குஷியில் போடுமே, அதே தும்மல்.

கடைசி நாளும் போட்டது. உன் அம்மா தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தார். "டேய், கெளம்பும்போது நாயி தும்முது. உக்காந்து ஒரு வாய் குடிச்சிக்கினு போடா."

"அது என்னப் பாத்து சிரிக்குதும்மா. நீ இன்னா பேஜாரு பண்ற?" என்று படி இறங்கினாய். கும்மிடிப்பூண்டி கம்பெனி ரோட்டுத் திருப்பத்தில் லாரி இடித்துவிட்டது.

காரியம் முடிந்த அன்றே அத்தை ஆரம்பித்தார். "எம் புள்ளய தும்மி அனுப்புன சனியன் இது. ஆரம்பாக்கம் தாண்டி எங்கனா உட்டுட்டு வா."

"தும்முனது நாயி. இடிச்சது லாரி. போய் லாரியக் கேளு அத்தே" என்றேன்.

எனக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை. நீ ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தால் அந்த லாரி முன்னாலேயே போயிருக்கும். அதற்காக உன் நாயை நான் தெருவில் விடுவேனா?

போன மாதம் ஜிம்மி வேறு மாதிரி தும்மியது. நிற்காமல் தும்மி, காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் ரத்தம் வந்தது. "அடுத்து யாரக் கூப்புடுதோ" என்றார் அத்தை. நான் அதைத் துண்டில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

டாக்டரம்மா முதலில் கேட்டது, "ஒரு மூக்கா, ரெண்டு மூக்கா?"

"ஒண்ணுதாம்மா."

"அப்போ உள்ள ஏதோ மாட்டியிருக்கு." மயக்க ஊசி போட்டு ஒரு புல் முள்ளை இழுத்து எடுத்தார். "குஷியில ஒண்ணு ரெண்டு தும்மினா பயப்படாத. நிக்காம தும்மினா, ரத்தமோ கெட்டிச் சளியோ வந்தா, சோறு தின்னாம படுத்துட்டா, கை வைத்தியம் பாக்காம அன்னிக்கே தூக்கிட்டு வா" என்றார்.

அந்த முள்ளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இந்தா அத்தே, உன் சகுனம்."

அத்தை அதை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

இப்போது நானும் கம்பெனிக்குப் போகிறேன். இன்று ஜிம்மி தும்மியதும் அத்தை வழக்கம் போலச் சொம்போடு வாசலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தத் தண்ணீரை ஜிம்மியின் தட்டில் ஊற்றினார்.

நீ இறங்கிய படியில்தான் இறங்கினேன். உன் மாதிரி சிரிக்க இன்னும் வரவில்லை. ஆனால், நான் உட்காரவில்லை.