பாலிஷ் போடாத பத்தாவது காசு

என் அருமை மகள் வாயாடிக்கு,

சித்தப்பா இங்கே இரும்புத்தூண் மாதிரி இருக்கிறேன், முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் இருந்து உதைக்கிற அந்தப் பெரிய மனிதரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு இதை எழுத ஆரம்பிக்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் நீ கோபமாகப் போனை வைத்த பிறகு நான் திரும்பக் கூப்பிடவில்லை என்று நினைத்திருப்பாய். கூப்பிடத்தான் எடுத்தேன். ஆனால் போனில் பேசினால் எனக்கு வாய் நீண்டுவிடுகிறது, ஒன்று சொல்லப் போய் ஒன்பது சொல்லிவிடுகிறேன். எழுதினால் விரல் வலிக்கும், அதனால் பொய் கொஞ்சம் குறையும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாலும் என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியாரே கண்கலங்கினார் என்பது உனக்குத் தெரியும், எதனால் கலங்கினார் என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்பாய், இந்தத் தடவை கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது நீ சொன்னாய், அம்மா விட்டுப் போன பத்து வெள்ளிக் காசையும் வித்துடுங்க சித்தப்பா, அந்தப் பணத்துல டிக்கெட் போட்டு வந்துடுங்க, பிரசவத்துக்கு என் பக்கத்துல எனக்குன்னு ஒருத்தர் இருக்கணும், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் சும்மா உட்கார்ந்திருந்தா போதும் என்று. சும்மா உட்காருவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. சரி என்று அன்றைக்கே அண்ணியின் துணிப்பையை எடுத்தேன். இப்போது உனக்கு ஏழு மாதம் முடியப்போகிறது. ஒவ்வொரு வாரமும் விலை ஏறிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறு என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். விலை ஏறவில்லை மகளே. நடந்ததைச் சொல்கிறேன், நடுவில் சிரிக்காமல் படி.

காசுகளை எடுத்துப் பார்த்தால் பத்தும் அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தன. நான் யார், கோப்பையும் கேடயமும் செய்கிற பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் பாலிஷ் சக்கரத்துக்கு முன்னால் நின்றவன். நான் மெருகு போட்ட கோப்பையில் ஜெயித்தவன் முகம் பார்த்துத் தலை சீவினான், தோற்றவன் பார்த்து மீசையை எடுத்தான். நம் வீட்டுப் பொருள் அழுக்கு முகத்தோடு படி இறங்கினால் என் கைக்கு என்ன மரியாதை. பழைய மோட்டாரைத் தூசி தட்டி மாட்டி, சிவப்பு மெருகுக் கட்டி தேய்த்து, ஒவ்வொன்றாகச் சக்கரத்தில் கொடுத்தேன். ஒன்பது காசும் நிலா மாதிரி வந்தன. பத்தாவதை மட்டும் பிற்பாடு உதவும் என்று முன்யோசனையாக வைத்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான்.

நாணயம் சேர்க்கிற ஒருவர் இருக்கிறார், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடிகாரம் பழுது பார்க்கிறவர், கடிகாரக்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவருக்கு ஆள் விட்டேன். கடை மூடுகிற ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பேருந்து மாறி வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியபடியே கண்ணில் அந்தக் குழல் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு முதல் காசைப் பார்த்தார். இந்த மாதிரிப் பளபளப்பை என் வாழ்நாளில் பார்த்ததில்லைங்க என்றார். அவர் சொன்னது சத்தியம், ஆனால் நான் எதிர்பார்த்த குரலில் சொல்லவில்லை. ஒன்பதையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, இதெல்லாம் இனி வெள்ளி விலைக்குத்தான் போகும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் வேலையில் குறை சொன்ன முதல் ஆள் அவர்தான், முதலாளியைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

பிறகு பொறுமையாக விளக்கினார். நான் முன்பே அறிந்ததுதான், இருந்தாலும் கேட்டுக்கொண்டேன். அந்தப் பெரிய யுத்தம் நடந்தபோது வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து காசில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். ஜனங்கள் விவரமானவர்கள், பழைய நல்ல வெள்ளிக் காசு கையில் கிடைத்தால் செலவழிக்காமல் பானைக்குள் போட்டார்கள், அரசாங்கம் தன் கைக்கு வந்ததை உருக்கிவிட்டது. அதனால் குறைப்பதற்கு முன்னால் கடைசி வருஷத்தில் அடித்த நல்ல வெள்ளிக்காசு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் மிச்சம். அதிலும் வருஷத்துக்குக் கீழே கடுகு அளவு ஒரு புள்ளி இருக்கும், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று அதுதான் சொல்லும், சில சாலையில் கொஞ்சம்தான் அடித்திருப்பார்கள். அதற்கும் மேலே ராஜாவின் தலைமயிர் தனித்தனியாகத் தெரிகிறதா, எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா என்று பார்ப்பார்களாம். என் சக்கரத்தில் ஒன்பது ராஜாவும் மழமழவென்று மொட்டை அடித்துக்கொண்டுவிட்டார்கள். கடைசியாக அந்தக் கறுப்பு. ஓரத்தில் நீலம் ஓடுகிற அந்தக் கறுப்பை என் கண் முன்னால் பிடித்து, இது அழுக்கு இல்லைங்க, வயசு, எண்பது வருஷமா தானா வந்தது, யாரும் பூசவும் முடியாது, போனா திரும்பி வராது என்றார். பத்தாவது காசு அந்தக் கடைசி வருஷத்தது, புள்ளியும் இருந்தது. அது ஒன்றுக்கே அவர் ஒரு விலை சொன்னார்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். அவர் முதல் ஞாயிற்றுக்கிழமையே சொன்ன விலையில் உன் ஊருக்கு டிக்கெட் எடுத்து, எனக்கு ஒரு கம்பளிச் சட்டையும் வாங்கியிருக்கலாம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரிங்க, அடுத்த ஞாயிறு வரேன் என்று போனார், வந்தார். அந்த வாரமும் யோசிக்கிறேன் என்றேன். பதினான்கு ஞாயிறு வந்தார் மகளே. நான் சனிக்கிழமையே மேசையைத் துடைத்து வெள்ளைக் காகிதம் விரித்துவிடுவேன், வெளிச்சத்துக்கு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுவேன், பிஸ்கட் வாங்கி வைப்பேன். அவர் காசைப் பார்ப்பார், டீ குடிப்பார், மறுபடியும் காசைப் பார்ப்பார், நான் பட்டறைக் கதைகளை எடுத்துவிடுவேன். பெரிய ஊரிலிருந்து ஒருத்தன் இரண்டு பங்கு விலை தருவதாகச் சொல்லி மூன்று கடிதம் போட்டிருக்கிறான் என்று ஒரு நாள் அடித்துவிட்டேன். அப்படியா, நல்ல ஆளா பார்த்து குடுங்க என்று சொல்லி இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். நம்பவில்லை என்று எனக்குத் தெரியும், நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அதில் ஒரு சுகம் இருந்தது.

எதிர் வீடு பூட்டி இரண்டு வருஷம் ஆகிறது. கீழ் வீட்டுத் தையற்காரர் தன் மகன் வீட்டோடு போய்விட்டார். தபால்காரர் கீழேயே பெட்டியில் போட்டுவிடுகிறார், சைக்கிள் மணிச் சத்தம் மட்டும்தான் மேலே வருகிறது. வார நாட்களில் நான் வாயைத் திறப்பது கடையில் பால் கேட்க மட்டும்தான், சில நாள் தொண்டை அடைத்து முதல் வார்த்தை வெளியே வராது, கடைக்காரர் சளியா என்று கேட்பார், ஆமாம் என்பேன். இதையெல்லாம் உன்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு அழுவாய் என்று சொல்லவில்லை. வீட்டில் ஆள் வந்து போனபடியே இருக்கிறார்கள், நிற்க நேரமில்லை என்று நான் போனில் சொன்னதெல்லாம் அந்த ஒருவரைத்தான். காசை விற்றால் அவர் எதற்கு வருவார்.

ஆனால் நீ போனை வைப்பதற்கு முன்னால் சொன்னாயே, உங்களுக்கு வர இஷ்டம் இல்லைன்னு சொல்லிடுங்க சித்தப்பா, நான் வேற ஆள் பார்த்துக்கறேன் என்று. மூன்று நாள் அது காதிலேயே நின்றது. உன் அப்பாவும் அம்மாவும் போன பிறகு உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேனே, அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை. போன ஞாயிறு அவர் வந்ததும் டீக்கு முன்னாலேயே காசை எடுத்து நீட்டினேன். முதலில் சொன்ன அதே விலைக்கு. பேரம் பேசி உச்சத்துக்கு ஏற்றிவிட்டேன் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். அவர் கண்ணாடியை எடுக்கவே இல்லை, ஒரு சின்ன அட்டை உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்பதையும் வெள்ளி விலைக்குக் கேட்டார், அது என் கைவேலை, பேரப்பிள்ளை முகம் பார்க்கட்டும், விற்பதற்கில்லை என்றுவிட்டேன். போகும்போது அந்தப் பக்கம் வந்தா கடைக்கு வாங்க என்றார். எல்லாரும் சொல்வது மாதிரித்தான் சொன்னார். இன்றைக்கு ஞாயிறு. பழக்கதோஷத்தில் மேசையைத் துடைத்துவிட்டு, பதினோரு மணிவரை படியில் காது வைத்திருந்தேன். அவருக்கு ஜலதோஷமாக இருக்கும்.

டிக்கெட் எடுத்தாயிற்று. வருகிற பன்னிரண்டாம் தேதி இரவு கிளம்பி மறுநாள் உன் ஊரில் இறங்குகிறேன். விமானத்தில் ஜன்னல் ஓரம் வேண்டும் என்று கேட்டேன், என் முகத்தைப் பார்த்ததும் கொடுத்துவிட்டார்கள். நீ இரும்பு மாத்திரையை ஒழுங்காகப் போடு, படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், இடது பக்கம் திரும்பிப் படு. விமான நிலையத்துக்கு நீ அலைய வேண்டாம், மாப்பிள்ளை வந்தால் போதும். அவர் எனக்கென்று வீட்டுக்கு ஒரு தனிச்சாவி செய்து வைத்திருப்பதாகச் சொன்னார், தங்கமான பிள்ளை, ஆனால் அது வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ போன இந்த எட்டு வருஷமாக என் கதவை நானேதான் வெளியிலிருந்து திறந்துகொண்டிருக்கிறேன். அங்கே வந்து நான் கதவைத் தட்டுகிறேன். மெதுவாக நடந்து வந்து நீ திறந்துவிடு, எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன்.

மூன்று பேரும் நூறு வருஷம் சிரித்துக்கொண்டிருக்க என் ஆசீர்வாதம். பன்னிரண்டாம் தேதி, மறந்துவிடாதே.

உன்னை வளர்த்து ஆளாக்கிய,
சித்தப்பா