பெட்டிக்குச் சார்த்திய பட்டு

ஐப்பசி, முதல் திங்கள். காலையிலிருந்து தூறல்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம். இருந்தவர்கள்: தாளாளர் ஐயா, தலைமையாசிரியை, பிரபு சார் (அடுக்குமாடியில் குடியிருப்பவர், ஐ.டி. வேலை), கணேசன் அண்ணன் (ஊர்க்காரர், தண்ணீர் லாரி வைத்திருப்பவர்), பெற்றோர் சங்கக் கணக்கு எழுதும் நான். ஐந்தே பேர். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் செல்வி வராந்தாவில். அவளை உள்ளே கூப்பிடவில்லை.

விஷயம்: ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததிலிருந்து கம்ப்யூட்டர் அறையின் பெரிய பெட்டி (சர்வராம்) தினமும் மதியம் நின்றுபோகிறது. எல்லா வகுப்புத் திரையும் கறுப்பு. செல்விக்குக் காரணம் தெரியவில்லை. அவளை நிறுத்திவிட்டு வெளிக் கம்பெனியிடம் விடலாமா?

பிரபு சார்: "அவங்க தூரத்துலேர்ந்தே பாத்துப்பாங்க. பிரச்சனைன்னா புகார் எழுதி ஒரு டிக்கெட் போட்டா போதும்."

கணேசன் அண்ணன்: "இன்னா சார், ரிப்பேருக்கும் அர்ச்சனை டிக்கெட்டா? பேரு, நட்சத்திரம்லாம் கேப்பானா?"

தலைமையாசிரியைக்கே சிரிப்பு.

வெளிக் கம்பெனிக்குக் கை தூக்கியவர்கள்: தாளாளர், பிரபு சார். செல்விக்கு: தலைமையாசிரியை, கணேசன் அண்ணன். நான் தூக்கவில்லை. எனக்கு என்ன தெரியும்? என் முடிவை வெள்ளிக்குள் சொல்ல வேண்டுமாம்.

வாங்க வேண்டியது: திரி, துவரம்பருப்பு, பாப்பாவுக்கு வரைபடத் தாள்.

செவ்வாய். நல்ல மழை.

கோயில் வாசலில் செல்வி. "அக்கா, நேத்து இன்னா பேசினாங்க?" என்றாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். பூந்தமல்லியில் ஒரு கடையில் கூப்பிடுகிறார்களாம். "பையன் இங்க படிக்கிறான். அவனை வுட்டுட்டு எப்படிக்கா?"

அம்மன் முன்னால் நின்றும் ஒன்றும் புலப்படவில்லை. துணி காயவில்லை.

புதன். வெயில்!

கம்பெனியின் வெள்ளோட்டம். நாங்கள் ஐவரும் செல்வியும். மேசையில் போன், ஒலிபெருக்கியில். தென்காசியிலிருந்து ஒரு பெண் குரல்.

யாரும் தொடவில்லை. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒவ்வொன்றாய்த் திறந்தது, மூடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிவசிவா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஏங்க, பெட்டி காய்ச்சல் கண்ட மாதிரி கொதிக்கு. மேல எதையும் போட்டு மூடிருக்கியளா?"

எல்லாரும் திரும்பினோம். பெட்டி மேல் என் மஞ்சள் பட்டு. குங்குமம், காய்ந்த சாமந்தி. பூஜையன்று நான் சார்த்தியது. காற்றுப் போகும் துளை எல்லாம் அதற்கடியில்.

"அங்கேர்ந்து எப்படிம்மா தெரியுது?" என்று கேட்டேன்.

"பெட்டியே சூட்டை அளந்து சொல்லுதும்மா. கொஞ்சம் எடுத்து விடுங்க. இங்கன இருந்து என்னால எடுக்க முடியாதுல்லா?"

செல்விதான் எடுத்தாள். கண்ணில் ஒற்றி, மடித்து, என் கையில் கொடுத்தாள். "தெனம் சுத்திலும் தொடைச்சேன்க்கா. பட்டு மேல கை வைக்கல. நீங்க சாமிக்குப் போட்டது. அதனால இருக்கும்னு தோணவே இல்லை."

கணேசன் அண்ணன்: "நல்லா போத்தி வுட்டியேம்மா! அதுக்கு வேர்த்துடுச்சி."

சிரிப்பு வரவில்லை எனக்கு.

வியாழன். மேகமூட்டம்.

மதியம் போய் நின்று பார்த்தேன். பெட்டி நிற்கவில்லை. எல்லாத் திரையிலும் வெளிச்சம். பாப்பா வகுப்பில் பூமி சுற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் ஈசனுக்கு வருடம் முழுக்கச் சந்தனக்காப்பு, குளிர்ச்சிக்கு. நான் சார்த்தியதோ கொதிப்புக்கு. தென்காசியில் இருந்துகொண்டு இங்கே உள்ள சூட்டை அறிவது எப்பேர்ப்பட்டது! ஆனால் எடுக்க ஒரு கை இங்கே வேண்டியிருந்தது. சமையலில் உப்புப் போட மறந்தேன். யாரும் திட்டவில்லை.

வெள்ளி. மழை மறுபடி.

தாளாளர் ஐயாவுக்கு எழுதியது, நகல்:

ஐயா, வணக்கம். பெட்டி நின்றது செல்வியின் குறை அல்ல. பட்டு என்னுடையது. இதைக் கூட்டக் குறிப்பில் என் பெயரோடு எழுதுங்கள். என் கை செல்விக்கு. தென்காசிப் பெண்ணையும் விட மனமில்லை. தூரத்திலிருந்து கவனிக்கும் வேலையை மட்டும் தருவார்களா என்று கம்பெனியைக் கேளுங்கள். தரமாட்டார்கள் என்றாலும் செல்வி இருக்கட்டும். பூந்தமல்லிக் கடைக்காரருக்குத் திங்களன்று அவள் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.