ஏழாவது சன்னல்

மார்ச் 7, 1983
இந்தப் பப்புக்குச் சொந்தக்காரரான பீர் கம்பெனியிலிருந்து ட்ரெவர் வந்தான். "தடுப்பையும் சன்னலையும் எடுத்துட்டு ஒரே ஹாலா ஆக்கிடலாம் மேவிஸ். இப்ப எல்லா பப்பும் அப்படித்தான்."
எடுத்துவிட்டால்? தடுப்புக்கு அந்தப் பக்கம் கிளிஃபோர்டு உட்கார்ந்திருப்பான். முழுசாக. மூஞ்சியோடு.

மார்ச் 8
1896இல் இந்தக் கட்டடத்தைக் கட்டியவன் மகராசன். கவுண்டருக்கு மேல், முக உயரத்தில், மரச்சட்டத்தில் சுழலும் பதினொரு சின்னச் சன்னல்கள். பூப்போட்ட மங்கல் கண்ணாடி. சாத்திவிட்டால் குடிக்கிறவர் முகம் ஊற்றுகிறவருக்குத் தெரியாது. அடியில் டம்ளர் போக மட்டும் இடைவெளி. பெரிய மனிதர்களின் மானத்தைக் காக்க வைத்தது. ஒன்பது வருடமாக என் மானத்தைக் காக்கிறது.
என் அம்மாவை அடக்கம் செய்த அன்று புறாப் பந்தயத்துக்குப் போன கிளிஃபோர்டை விவாகரத்து செய்தேன். பெண்டாட்டியை விட்டாலும் விடுவான், எங்கள் பர்ன்லி ஊர்க்காரன் தன் பப்பை விடுவானா? தினம் பன்னிரண்டு மணிக்கு ஏழாவது சன்னலுக்கு அடியில் ஒரு கை வரும். ஊற்றி வைப்பேன். கை போய்விடும். இதைவிட ஒழுங்கான குடித்தனம் நாங்கள் நடத்தியதில்லை.

மார்ச் 21
பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசு அலுவலகத்துக்கு மனுப் போட்டேன். பட்டியலில் சேர்த்துவிட்டால் ட்ரெவர் ஓர் ஆணிகூட அசைக்க முடியாது. 'நம் மரபைக் காக்க வேண்டும்' என்று எழுதினேன். மரபு! எழுதும்போதே சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 19
ஆய்வாளர் மிஸ் ஃபென்விக் வந்தார். தரை ஓடுகளைத் தடவினார், மரவேலையைத் தட்டிப் பார்த்தார். "இந்தச் சன்னல்கள இப்பவும் யாராவது பயன்படுத்துறாங்களா?"
நான் துணியை எடுத்துக் கவுண்டரைத் துடைத்தேன். ஏழாவது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒன்பது வருஷமாம்மா. அவளுக்கு என் மூஞ்சி ஆகாது. நியாயந்தான்."
அந்த அம்மாள் அத்தனையையும் எழுதிக்கொண்டார்.
நியாயந்தானாம். இதச் சொல்ல ஒன்பது வருஷமா ஆச்சு உனக்கு?

ஜூன் 2
பட்டியலில் சேர்ந்துவிட்டது! ட்ரெவரின் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 9
படம் எடுக்க வந்த அரசு ஆள் ஏழாவது சன்னலைத் திருகித் திறந்தான். அச்சு சிக்கிக்கொண்டது. சாத்த முடியவில்லை. தச்சர் ஸ்டானைக் கூப்பிட்டேன். "அனுமதி இல்லாம எண்ணெய் விடக்கூட பயமா இருக்கு மேவிஸ்." மிஸ் ஃபென்விக்கிடம் போனில் கெஞ்சினேன். எட்டு வாரம் ஆகுமாம். "நீங்கதானே பாதுகாக்கச் சொன்னீங்க?"
சொந்தச் செலவில் சூனியம்.
பன்னிரண்டு மணி. மூஞ்சி. நரைத்து, முன்பல் ஒன்று போய்—
"என்ன மேவிஸ், கிழவியாயிட்டே?"
"நீ மட்டும் என்ன, புது மாப்பிள்ளையா?"

ஜூன் 10
துண்டு ஒன்றைத் தொங்கவிடப் பார்த்தேன். ஆணி அடிக்கக் கூடாதாம்.

ஜூன் 24
"அன்னைக்கு நான் வந்திருக்கணும், மேவிஸ்."
"ஆமா" என்றேன். டம்ளர் நிரம்பியதைக் கவனிக்கவில்லை. கவுண்டரெல்லாம் நுரை.

ஜூலை 15
புறாக்களை விற்றுவிட்டானாம். நான் கேட்டேனா?

ஆகஸ்ட் 8
அனுமதிக் கடிதம் வந்தது, இரண்டு முத்திரையோடு. ஸ்டான் எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்றார். அவசரமில்லை என்று ஒரு டம்ளர் பீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். கடிதம் துடைக்கும் துணிகளுக்கு அடியில் இருக்கிறது.
பன்னிரண்டு மணிக்கு வந்தவன் கேட்டான். "அனுமதி வந்துச்சா?"
"அரசாங்கக் காரியம்" என்றேன். "எப்ப வருமோ."