அப்பா பேசாத ஐந்து வருடங்கள்

ஜனவரி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. உங்கள் பேரன் வாலு, நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. அவன் அப்பாவைக்கூட.

ஒரு விஷயம். எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அவன் திக்க ஆரம்பித்திருக்கிறான். "அ... அ... அம்மா, த... தண்ணி." நாலு வயதுப் பிள்ளைக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. "உங்கப்பா திக்குறதப் பாத்துப் பழகிட்டான், வேறென்ன?" என்கிறார் இவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவனோடு பேசுவதைச் சில மாதம் நிறுத்திவைப்போமா? கோபம் வேண்டாம். அம்மா போன பிறகு உங்களுக்கு இருக்கிற ஒரே பேச்சு அதுதான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்


ஜனவரி 29

அன்புக் குட்டிக்கு,

சரி. நிறுத்திவிடலாம். கோபமில்லை. தப்பு என்னுடையது. மடியில் ஏறி உட்கார்ந்து கதை கேட்டான். இருக்கவேண்டிய எச்சரிக்கையை மறந்துவிட்டேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று. என் அப்பாவுக்கும் திக்கல். நீ பிறந்தபோது நானும் உன் அம்மாவும் பேசி வைத்துக்கொண்டோம்: உனக்குப் பேச்சு நன்றாக வரும்வரை உன் காதுபட நான் வாய் திறப்பதில்லை. கண்ணாடிக் கடையின் பின்அறையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்குப் பகலில் பேச்சு தேவையில்லை. வீட்டில் சிலேட்டில் எழுதி அம்மாவிடம் காட்டுவேன். "சிலேட்டுல சண்ட போடுற மொத ஆம்பள நீங்கதான்" என்பாள்.

ஐந்து வருடம். நீ கடகடவென்று பேசினாய். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதன் பிறகு உன்னிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. 'ம்', 'சரி' என்பதோடு நின்றுவிட்டது.

தாத்தாவுக்குத் தொண்டை சரியில்லை என்று வாலுவிடம் சொல்.

அப்பா


மார்ச் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இத்தனை நாளும் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வாலுவைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப்போனேன். "கேட்டு ஒட்டிக்கிறதுக்கு இது என்ன சளியாம்மா?" என்றார். குடும்பத்தில் ஓடுமாம். ஆனால் ஓடுகிறதெல்லாம் வந்தே தீரும் என்பதில்லை. வந்ததெல்லாம் தங்கிவிடும் என்பதும் இல்லை. பிறவியும் சுற்றியிருப்பதும் சேர்ந்துதான் எதையும் முடிவு செய்யுமாம். "வீட்ல யாரு அவன அவசரப்படுத்துறா?" என்று கேட்டார். நான்தான். அவன் பாதியில் நிற்கும்போதெல்லாம் மீதியை நானே சொல்லி முடித்துவிடுகிறேன். அவசரம் திக்கலை உண்டாக்காதாம், கூட்டிவிடுமாம்.

யாரிடம் பேசப் பிடிக்கும் என்று அவனைக் கேட்டார். "தா... தாத்தாகிட்ட. தாத்தா வெயிட் பண்ணுவாரு."

நீங்கள் பேசியிருந்தாலும் எனக்கு வராமலே போயிருக்கலாம். வந்து போயிருக்கலாம். பெண் குழந்தைகளுக்கு விட்டுப்போவது அதிகமாம்.

சிலேட்டு எனக்கு ஞாபகமில்லை. நான் அறைக்குள் வந்ததும் நீங்கள் உதட்டை இறுக்கிக்கொள்வது ஞாபகமிருக்கிறது. பெண் பிறந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். அலுவலகத்தில் யாரிடமும் முதலில் பேசத் தெரியாதவள் நான். வீட்டிலும் அப்படித்தான். அது எனக்கு எந்த வழியாக வந்தது என்று பயிற்சியாளரிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்குக் கூப்பிடுங்கள். முதலில் என்னோடு. எவ்வளவு நேரம் திக்கினாலும் சரி, மீதியை நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் மகள்


ஏப்ரல் 8

அன்புக் குட்டிக்கு,

பத்து மணிக்கு வந்த பேசாத போன் நான்தான். நீயும் கண்டுபிடித்திருப்பாய். "அப்பா? சொல்லுங்கப்பா" என்றாய். மூன்று தடவை. பிறகு நீயும் சும்மா இருந்தாய். நீ மூச்சு விடுவது கேட்டது.

எனக்கு வந்தது திக்கல் இல்லை. திக்குவதற்காவது ஒரு சொல் வேண்டும்.

கடையில் தினம் பார்க்கிறேன். தடிக் கண்ணாடி போட்ட அப்பன், தடிக் கண்ணாடி போட்ட பிள்ளை. அதே வீட்டில், வெயிலில் ஆடித் திரிகிற இளையவனுக்கு லேசான கண்ணாடிதான். நாற்பது வருடம் இதைக் கையால் தேய்த்திருக்கிறேன். என் வாய் விஷயத்தில் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உனக்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டேன்.

வாலுவிடம் பேச வருகிறது. உன்னிடம் பழக்கமே இல்லை. இந்த வயதில் இனி வருமா தெரியவில்லை. அடுத்த தடவை போனை நேராக அவனிடம் கொடுத்துவிடு. உனக்கு எழுதுகிறேன். எழுத்தில் நான் திக்குவதில்லை.

மன்னித்துக்கொள்.

அப்பா


ஏப்ரல் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிறு நாற்பது நிமிடம் பேசினீர்கள். அவன் திக்கினான், சிரித்தான், மறுபடி திக்கினான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. நான் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்னடா பேசினீங்க அவ்ளோ நேரம்?" என்று கேட்டேன்.

"அ... அது எங்களுக்குள்ள."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. முதலில்.

இந்த ஞாயிறு போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவனிடம் சொல்லட்டுமா? நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் அவனோடுதான் பேசப்போகிறீர்கள். நான் இருப்பதாகவே நினைக்க வேண்டாம். நான் வாயே திறக்க மாட்டேன்.

உங்கள் மகள்