ஒரு சீட்டு வண்டி

கள்ளக்குறிச்சி
4.11.2024

அன்பு வாணிக்கு,

உன் மாமன் எழுதுவது. நான் நலம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் மலையில் டவர் கிடைக்காமல் போனதால் எனக்குக் கடிதம் எழுதத் தெரியும் என்பதே இப்போதுதான் தெரிகிறது. கண்டக்டர் ராசு இதைக் கொடுக்கும்போது முறுக்குப் பையையும் கேட்டு வாங்கிக்கொள். போன தடவை பாதி அவன் வயிற்றுக்குள் போய்விட்டது.

நான் செய்துகொண்டிருந்த புது வண்டி முடிந்துவிட்டது. இன்ஜின் நம் பழைய பைக்குடையது. மற்றதெல்லாம் ஷேக் மைதீன் பாயின் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய பைப், நானே வெல்டிங் வைத்தது. ரெண்டு சக்கரம்தான், ஆனால் ஈசி சேரில் சாய்ந்து காலை முன்னால் நீட்டி உட்கார்கிற மாதிரி இருக்கும். சீட்டுக்கும் தரைக்கும் ஒரு முழம்தான். தெரு நாய்கள் என் முகத்துக்கு நேராக நின்று குரைக்கின்றன. மார்க்கெட்டில் ஒரு பெரியவர், "இன்னாப்பா, ஒடம்பு செரியில்லியா? படுத்துக்கினே போறியே!" என்றார்.

நீ சிரிக்காதே. மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் மோதினோமே, அன்றைக்கு நீ என் தலைக்கு மேலே பறந்துபோய் விழுந்தாய். உன் ஒடிந்த கை கூடிவிட்டது. எனக்கு இன்னும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. இந்த வண்டியில் யாரும் பறக்க மாட்டார்கள். எவ்வளவு பிரேக் அடித்தாலும் பின்சக்கரம் எழும்பாது. மோதினாலும் தலை முதலில் போகாது. உனக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

உன்
தமிழழகன்

வெள்ளிமலை
8.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வாணியின் வணக்கம். முறுக்கு முழுசாக வந்தது.

தலை முதலில் போகாது, சரி. எது போகும்? காலை நீட்டிக்கொண்டு போகிறவனுக்குக் கால்தானே முதலில் போகும்? நான் தினமும் கட்டுப் போடுகிற நர்ஸ், என்னிடமே கதையா? அவ்வளவு தாழ்வாகப் போனால் டிராக்டர்காரன் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள்.

அதை விடுங்கள். ஒரு சீட்டுதான் இருக்கிறது என்று ராசு அண்ணன் சொன்னார். அவ்வளவு எழுதினீர்களே, நான் எங்கே உட்காருவேன் என்று ஒரு வரி எழுதினீர்களா?

கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமையானால் கோமுகி அணைக்குப் போவோம். உங்கள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவேன். சைக்கிள்காரன்கூட நம்மைத் தாண்டிப் போவான். இங்கே சாயங்காலம் ஆனால் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒரு வருஷம் மலையிலேயே இருக்கிறாயா, கீழே மாற்றல் வேண்டுமா என்று கேட்கிறார்கள். மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். எனக்கு இடமே வைக்காத ஆளிடம் நான் எதற்கு அவசரப்பட்டு வர வேண்டும்?

வேளைக்குச் சாப்பிடவும்.

வாணி

கள்ளக்குறிச்சி
18.11.2024

அன்பு வாணிக்கு,

நீ கேட்டது சுருக்கென்று தைத்தது. பின்னால் இன்னொரு சீட்டு வைத்தேன். காலைக் காப்பாற்ற முன்னால் கம்பி வளைத்துக் கட்டினேன். டிராக்டர்காரன் பார்க்கட்டும் என்று நீளக் குச்சியில் சிவப்புக் கொடியும் வைத்தேன். கட்சி ஊர்வலம் போகிற மாதிரி இருக்கிறது.

உன் எடைக்கு மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஒன்றைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். கொஞ்சம் கூடத்தான் போட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நேர் ரோட்டில் ரயில் மாதிரி ஆடாமல் போனது. வேண்டுமென்றே வைக்கோல் போரில் மோதினேன். மூட்டை பறக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நேற்று உன்னைப் பார்க்க அதிலேயே கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வண்டி திரும்ப மாட்டேன் என்றது. ரெண்டு சீட்டு வைத்ததில் நீளம் கூடிவிட்டது. சாதாரண பைக்கென்றால் உடம்பை இப்படி அப்படி அசைத்துச் சமாளிக்கலாம், சட்டென்று காலை ஊன்றலாம். படுத்திருக்கிறவன் எதை அசைப்பது? ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்கே போய்விட்டேன். எதிரே ராசுவின் பஸ். ஹேண்டில்பாரை ஒடித்ததில் என் வண்டி சாய்ந்துவிட்டது. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. மூட்டை உருண்டு பள்ளத்தில் போய்விட்டது.

கிழங்கைப் பொறுக்கும்போது அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன் வாணி, ஒரு சீட்டு வைத்தது மறந்து இல்லை. உன்னைப் பின்னால் உட்கார வைத்து ஓட்ட எனக்குப் பயம். நீ மலையிலேயே இருப்பதென்றாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

தமிழழகன்

வெள்ளிமலை
21.11.2024

என் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே ராசு அண்ணன் ஓடி வந்து, "ஒண்ணும் ஆவலம்மா, கெழங்குக்குத்தான் அடி" என்றார். உண்மைதானா என்று அவரிடம் மூன்று தடவை கேட்டேன்.

உங்கள் பயம் எனக்குத் தெரியாமல் போச்சே. என்னை வேண்டாம் என்று நினைத்துத்தான் ஒரு சீட்டு வைத்தீர்கள் என்று இத்தனை நாள் குமைந்துகொண்டிருந்தேன்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அன்றைக்கு உங்கள் அக்கா வீட்டுக் காதுகுத்தில் நாம் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் நான் வாயே திறக்கவில்லை. நீங்கள் வண்டியை முறுக்கிக்கொண்டு போனீர்கள். விளக்கில்லாமல் நிறுத்தியது அவன் தப்பு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பேசிக்கொண்டு வந்த எந்த நாளிலும் நீங்கள் நாற்பதைத் தாண்டியதே இல்லை. தாண்டினால் நான் பேசுவது காதில் விழாது. நம் வண்டிக்கு என் வாய்தான் பிரேக் மாமா. அதை விட்டுவிட்டு இரும்பை வளைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ரெண்டு சீட்டு வைத்தீர்கள், சந்தோஷம். அவ்வளவு தள்ளி உட்கார்ந்து நான் யாரிடம் பேசுவது?

மாற்றல் பேப்பரில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. பழைய பைக்கின் நீள சீட்டு இருக்கிறதா, பாய் கடைக்குப் போய்விட்டதா?

உங்கள்
வாணி

கள்ளக்குறிச்சி
25.11.2024

என் வாணிக்கு,

சீட்டு இருக்கிறது. பட்டறையில் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன், அதை மட்டும் விற்க மனசு வரவில்லை.

இன்ஜினைக் கழற்றிப் பழைய பைக்கிலேயே பூட்டிவிட்டேன். டிராக்டரில் மோதிக் கோணிப்போன முன் ஃபோர்க்கையும் மாற்றியாகிவிட்டது. புது வண்டியின் பைப்பைப் பார்த்து ஷேக் மைதீன் பாய், "இன்னா தம்பி, எங்கிட்ட வாங்கினதே எனக்கே வருது" என்று சிரித்தார். முன்னால் கட்டிய கம்பியை மட்டும் கொடுக்கவில்லை. பழைய பைக்கில் நம் காலுக்குக் காவலாகப் பொருத்தியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மேலே வருகிறேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், பயத்தோடுதான் வருவேன். பேப்பரில் என்ன எழுதப்போகிறாய் என்று இறங்கி வரும்போது சொல்.

ரெண்டு ஹெல்மெட் வாங்கியிருக்கிறேன். போட்டுக்கொண்டால் பின்னால் பேசுவது சரியாகக் கேட்காது என்று கடைக்காரர் சொன்னார். பரவாயில்லை, நீ பேசு. கேட்காத இடத்திலெல்லாம் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி, என்ன சொன்னாய் என்று கேட்கிறேன். வீடு வந்து சேர எந்நேரம் ஆனாலும் ஆகட்டும்.

உன்
தமிழழகன்