என்னை விட்டுவிட்டுக் கிளம்பிய மருதமலை பஸ்

மாமா,

இன்று மருதமலை அடிவாரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தேன். சூட்டில் வாடிய வாழையிலையும் தக்காளிச் சோறும் கலந்த வாசனை எழுந்தது. "டப்பாவுல போட்டா ஆஸ்பத்திரிச் சோறாட்ட இருக்குமுங்க அம்மணி, எலையில கட்டுங்க" என்று சமையலறை வாசலில் நின்று நீங்கள் சொல்வது காதில் விழுந்தது. பேத்தி கயல் இப்போது இரண்டாம் வகுப்பு. நீங்கள் பார்க்காமலே போன உங்கள் பேரன் சோற்றை விட்டுவிட்டு இலையைக் கிழிப்பதில் மும்முரமாக இருந்தான். அத்தை இலையைப் பிடுங்க, அவன் அழ, உங்களுக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

உங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கோபிப் பக்கம் வாழைத்தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள் என் அப்பாவும் அம்மாவும். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. பட்டம் வந்ததே தவிர, குரல் வரவில்லை. கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போகும் வரை நின்றிருப்பேன். நான் இறங்க வேண்டிய இடத்தில் வேறு யாராவது இறங்கினால்தான் பஸ்ஸிலிருந்து நானும் இறங்குவேன்.

என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆளைக் கண்டால் கயலும் என் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் மிட்டாயை நீட்டினால் வேண்டும் என்றும் சொல்ல மாட்டாள், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள். என்னைப் போலவே ஆகிவிடுவாளோ என்ற பயம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பம்பு கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தால் உங்கள் மகன் போய்விடுவார். அன்றைக்கு எங்களை வெளியே கூட்டிப் போவது நீங்கள்தான். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸில் நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இடம் காலியாகக் கிடக்கும். நீங்கள் சீட்டுக் கம்பியில் இடுப்பைச் சாய்த்து நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு எடமிருக்குது" என்று யாரோ ஒருவரின் பஸ்ஸை நடத்திக்கொண்டிருப்பீர்கள்.

அந்த ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. காந்திபுரத்தில் மருதமலை பஸ் வந்ததும் கூட்டம் முண்டியது. பின்வாசலில் நீங்கள் முதலில் ஏறி, கயலைக் கை நீட்டித் தூக்கிக்கொண்டீர்கள். அவள் செருப்பு ஒன்று கழன்று கீழே விழுந்தது. நான் சோற்றுப் பொட்டலங்கள் வைத்திருந்த தூக்குப்போசியைக் கையில் பிடித்தபடியே அதை எடுக்கக் குனிந்தேன். வாசலில் ஆள் யாரும் இல்லாததைப் பார்த்தீர்களோ என்னவோ, பழைய பழக்கம் முந்திக்கொண்டது. பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்!" என்றீர்கள். அத்தனை கச்சிதமான குரல். டிரைவர் எடுத்துவிட்டார்.

நான் நிமிர்ந்தபோது பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. என் போன் உங்கள் தோளில் மாட்டியிருந்த பையில் இருந்தது. என் கையில் சோறும் ஒற்றைச் செருப்பும்தான்.

பின்னாலேயே அடுத்த மருதமலை பஸ் வந்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் காசில்லாமலே ஏறிவிட்டேன். எங்காவது இறங்கி எனக்காக நின்றிருப்பீர்கள் என்று ஜன்னலோரமே பார்த்துக்கொண்டு போனேன். எதிர்ப்புறத்தில் நீங்கள் காந்திபுரத்தை நோக்கி வேகவேகமாக நடந்துகொண்டிருந்தீர்கள். தோளில் கயல், ஒரு காலில் மட்டும் செருப்பு.

"நிறுத்துங்க! எம் புள்ள போகுதுங்க! மாமா! நிறுத்துங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "ஏனுங் அம்மணி, காது கிழிஞ்சுபோச்சு" என்றபடி கண்டக்டர் விசிலை ஊதினார். சாலைக்கு அந்தப் பக்கம் நீங்களும் திரும்பினீர்கள். யாருடைய குரல் என்று முதலில் உங்களுக்குப் பிடிபடவில்லை. நான் ஓடி வந்து கயலை வாங்கிக்கொண்ட பிறகுதான், "நம்மூட்டு அம்மணி சத்தமுங்களா இது?" என்று கேட்டீர்கள். உங்கள் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கயல் என்னையே வாய் பிளந்து பார்த்தாள். அவளும் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்று நாம் இருவரும் பேசாமலே முடிவு செய்திருந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கயல் உடைத்துவிட்டாள். "அப்பத்தா! தாத்தா அம்மாவ உட்டுப்போட்டு ரைட் குடுத்துட்டாங்க!"

அத்தை விடுவார்களா? "ஊரையெல்லாம் ஏத்தி எறக்குன மனுசன், ஊட்டு மருமகள ரோட்டுல நிறுத்திப்போட்டு வந்தீங்களாக்கும்!"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தீர்கள். "அதனாலதான் அம்மணிக்குள்ள எவ்வளவு பெரிய ஹாரன் இருக்குதுன்னு தெரிஞ்சுது" என்றீர்கள். அந்தக் கதையை வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் என் சத்தம் கொஞ்சம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் மலை மேல் வரைக்கும் கேட்டதாக ஆகிவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது.

அதன் பிறகு நீங்கள் எந்த பஸ்ஸிலும் முதலில் ஏறவில்லை. நாங்கள் எல்லோரும் ஏறும் வரை கீழே நிற்பீர்கள். "ஏறுங்க அம்மணி, நா பின்னால வாரேன்." உடம்பு முடியாமல் போன கடைசி மாதங்களிலும், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில்கூட அப்படித்தான் ஏறினீர்கள்.

இப்போது கீழே நிற்பது நான். இன்று திரும்பும்போதும் அத்தையை ஏற்றி, பையனைக் கொடுத்து, கயலை ஏற்றிவிட்டுக் கடைசியாகப் படியில் கால் வைத்தேன். அதற்குள் பஸ் நகர்ந்தது. "இருங்க! ஆள் ஏறுது!" என்றேன். பஸ் நின்றது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கயல் திரும்பவில்லை. "இந்த எடம் எங்கம்மாவுக்குங்க" என்று பக்கத்தில் நின்ற பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா சத்தம் போட்டதில் அவளுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, மாமா. அது எப்போதும் கேட்கிற குரல்தான்.